நாள் குறித்த பணம்

சொந்த ஊரை விட்டு வந்து வெளி மாநிலத்தில் பிழைக்கும் குடும்பங்களுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று வரவு செலவுக் கணக்கு, மற்றொன்று நாட்கணக்கு. ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிக்கூடச் சம்பளம். பொங்கலுக்கு ஊர் போக வேண்டுமானால் அறுபது நாள் முன்னதாகவே ரயில் டிக்கெட். பதினோரு மாதம் முடிந்தால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் செலவு. ஊரில் ஒரு திருமணமோ, ஒரு துக்கமோ நேர்ந்தால் அன்றிரவே புறப்படக் கையில் ஒரு தொகை. இவ்விரண்டு கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வைக்கும் திறமைக்குத்தான் நம் இல்லங்களில் சிக்கனம் என்று பெயர்.

அந்தத் திறமையில் நம் பெண்மணிகளை மிஞ்ச ஒருவரும் இல்லை. கல்யாண், டோம்பிவிலிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களை நான் நன்கு அறிவேன். இருட்டிய பிறகே காய்கறி வாங்கப் போவார்கள். கடைக்காரன் கூடையைக் காலி செய்யும் நேரத்தில் விலை இறங்கும். குக்கர் இரண்டாம் முறை கூவியதும் அடுப்பை அணைத்து, மீதியை ஆவியே வேக வைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, எங்கள் குடியிருப்பில் யாரும் கூச்சலிடவில்லை. புளியைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்தார்கள், அவ்வளவுதான். விலை ஏறினால் ஒதுங்கி நிற்பது, இறங்கினால் வாங்குவது என்பது அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்த பாடம் அன்று.

இத்தகைய இல்லங்களுக்குள்ளே சில ஆண்டுகளாகக் கைப்பேசி வழியாக ஒரு புதுவகைக் காசு புகுந்திருக்கிறது. கிரிப்டோ நாணயம் என்று அதற்குப் பெயர். மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வே பார்சல் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குப் பொருளாதாரம் பேசத் தகுதி உண்டா என்று அன்பர்கள் கேட்கலாம். சிப்பத்தின் எடையும், அது வந்து சேரும் நாளும், அதை எடுத்துச் செல்ல வேண்டிய கெடுவும் எனக்குத் தெரியும். இக்கட்டுரைக்கு அந்த அறிவே போதுமானது என்று கருதுகிறேன்.

முதலில் இந்தக் காசு யாது என்று பார்ப்போம். இவ்வகையில் மூத்தது பிட்காயின். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008ஆம் ஆண்டு அக்டோபரில் இதன் திட்டத்தை வெளியிட்டார்கள். 2009 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. எங்கள் தொழிலைக் கொண்டே இதை விளக்கலாம். ஒரு சிப்பம் அனுப்பப்பட்டால் அனுப்பிய நிலையத்தில் ஒரு பதிவு, வந்த நிலையத்தில் ஒரு பதிவு. இதற்கு மாறாக, நாட்டிலுள்ள எல்லா நிலையங்களிலும் ஒரே பதிவேட்டின் நகல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் எல்லா நகல்களிலும் சேர்கிறது. ஒரு நிலையத்தில் எவனேனும் ஒரு வரியை அழித்து எழுதினால், மற்ற நிலையங்களின் ஏடுகள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இதுவே அதன் அடிப்படை. மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாகாது என்பது விதி. ஒரு நாணயத்தைப் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாம். ஆகவே நூறு ரூபாய் வைத்திருப்பவனும் அதில் ஒரு துணுக்கை வாங்கிவிட முடியும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் குறை கூற நான் துணியவில்லை. ஏடு ஒழுங்காகவே இருக்கிறது. ஆயினும் ஏட்டின் ஒழுங்கு வேறு; விலையின் ஒழுங்கு வேறு.

2010ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாவுக்குப் பதினாயிரம் பிட்காயின் கொடுத்தார். 2017 டிசம்பரில் ஒரே நாணயத்தின் விலை இருபதினாயிரம் டாலரை நெருங்கியது. ஓராண்டு கழிவதற்குள் நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2021 ஜூலையில் முப்பதினாயிரம் அளவில் இருந்தது, அவ்வாண்டு நவம்பரில் அறுபத்தொன்பதாயிரத்தை எட்டியது. அடுத்த நவம்பரில் பதினாறாயிரம். 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏறுவதைப் போலவே இறங்குவதும் இதன் இயல்பு என்பதை இந்த எண்களே சொல்லும்.

ஏன் இப்படி ஆடுகிறது? நிலத்துக்கு விளைச்சல் உண்டு. வீட்டுக்கு வாடகை உண்டு. கம்பெனிப் பங்குக்கு லாபத்தில் ஒரு கூறு உண்டு. அவற்றின் விலை எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், இன்னதற்கு இன்ன மதிப்பு என்று கணக்கிட ஓர் அடிப்படை இருக்கிறது. பிட்காயினுக்கு விளைச்சலும் இல்லை, வாடகையும் இல்லை. நாளை வாங்குபவன் என்ன கொடுப்பான் என்ற எண்ணம் ஒன்றே இன்றைய விலை. அச்சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, தீபாவளி விடுமுறையும் இல்லை. இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். அன்றியும் கடன் வாங்கிப் பந்தயம் கட்டுவோர் பலர். விலை சிறிது இறங்கியதும் கடன் கொடுத்தவர்கள் அவர்களுடைய நாணயத்தைத் தாமாகவே விற்றுவிடுவார்கள்; அவ்விற்பனையே விலையை மேலும் இறக்கும். ஆற்றங்கரையில் ஒரு கட்டி மண் சரிந்தால் அடுத்ததும் சரிவதைப் போன்றது இது.

பம்பாய்க்கு இது முற்றிலும் புதிதன்று. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை எண்கள் ஒரு காலத்தில் இந்நகருக்குத் தந்தி வழியாக வரும். பருத்தியைக் கண்ணால் காணாதவர்களும் அந்த எண்களின் மீது பந்தயம் கட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் அவ்வழி அடைபட்டதும், பானையிலிருந்து சீட்டு எடுக்கும் மட்கா என்னும் சூதாட்டம் கிளம்பியது. மில் தொழிலாளர் பலருடைய கூலி அந்தப் பானைக்குள் போயிற்று. கிரிப்டோவும் மட்காவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கடல் கடந்த ஊரில் மாறும் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டு இங்கே ஒரு தொழிலாளி தூக்கத்தை இழப்பது இந்நகரில் முன்பும் நடந்தது என்பதை மட்டுமே நினைவூட்டுகிறேன்.

இனி என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தான் டோம்பிவிலியில் ஒரு தனியார் ஆலையில் இயந்திரம் ஓட்டுபவர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அக்காளும் அவரும் பதினோரு ஆண்டுகளாக இரண்டு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். மூத்த பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகவே சேர்த்த பணம் அது. 2022ஆம் ஆண்டு அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பாள் என்பது, அவளைப் பள்ளியில் சேர்த்த அன்றே தெரிந்த சங்கதி.

2021 நவம்பரில் அத்தான் என்னிடம் சொன்னார்: “மாப்பிள்ளை, அஞ்சலகத்தில் போட்டால் இத்தனை வருஷத்துக்கு இவ்வளவுதான் வளர்கிறது. இந்தக் காசு நாலே மாதத்தில் இரட்டித்திருக்கிறது. நாம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தால் எப்போது கரையேறுவது?”

“அத்தான், ஏறியதைச் சொல்கிறீர்கள். இறங்கினால்?” என்று கேட்டேன்.

“இறங்கினால் திரும்பவும் ஏறும். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது” என்றார். அதற்குள் பணம் போட்டாகிவிட்டது என்பது பிறகே தெரிந்தது. எழுபத்தையாயிரத்துக்குப் பிட்காயின். இன்னோர் எழுபத்தையாயிரத்துக்கு, ஏதோ ஒரு கைப்பேசிக் குழுவில் சொன்ன பெயர் தெரியாத சிறு நாணயம்.

2022 ஆகஸ்டு மாத இறுதியில் கல்லூரியில் பணம் கட்ட நாள் குறித்தார்கள். அன்று பிட்காயினை விற்றபோது இருபத்துமூவாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. சிறு நாணயத்தை விற்றால் ஒரு கோப்பைத் தேநீருக்கும் காணாது. அக்காள் தன் சங்கிலியையும் இரண்டு வளையலையும் அடகு வைக்கத் துணிந்தாள். அதற்குள் கெடு கடந்துவிட்டது. பெண் ஓராண்டு வீட்டிலிருந்து, 2023இல்தான் படிப்பில் சேர்ந்தாள். அந்த ஓராண்டும் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, வந்த காசைத் தாயிடமே கொடுத்தாள் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும்.

பிறகு அத்தான் தம் சிக்கனத்தை இன்னும் இறுக்கினார். மாலைத் தேநீரை நிறுத்தினார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் பங்கு ஆட்டோவில் வராமல் நடந்தே வந்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் முந்நூற்று எழுபத்தைந்து. இழந்த தொகையோ ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்குக் குறையாது. இந்த நடையால் அதை மீட்க இருபத்தெட்டு ஆண்டு நடக்க வேண்டும்! பதினைந்து ரூபாயை அத்தனை கருத்தோடு எண்ணும் மனிதர், ஒன்றரை லட்சத்தைப் போடும்போது ஒரு மாலைப் பொழுதுகூட எண்ணவில்லை. இது அவர் ஒருவருடைய குணம் அன்று. சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்களிடம் நான் அடிக்கடி காண்பது இது. சில்லறையில் காட்டும் கவனம் பெருந்தொகையையும் தானாகவே காத்துவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அப்படிக் காக்காது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று நம்மவர் சொல்லி வைத்தது பெருந்தொகைக்கும் சேர்த்துத்தான்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நூறு ரூபாய் ஐம்பதாக இறங்கினால் பாதி நஷ்டம். அந்த ஐம்பது மறுபடி நூறாக வேண்டுமானால் பாதி ஏறினால் போதாது. முழுதாக இரட்டிக்க வேண்டும். நூறு இருபத்தைந்தாக இறங்கினால் நான்கு மடங்கு ஏற வேண்டும். இறங்கும் படியும் ஏறும் படியும் ஒரே உயரம் என்று நினைப்பதே பலருக்கும் ஏமாற்றமாக முடிகிறது.

2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய செய்தி வந்தபோது, அத்தானுடைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “நீங்கள் மட்டும் விற்காமல் பொறுத்திருந்தால் அந்த எழுபத்தையாயிரம் இப்போது ஒன்றேகால் லட்சம் ஆகியிருக்குமே!” என்றார். கணக்கு சரிதான். அத்தான் தலைகுனிந்திருந்தார். அக்காள்தான் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “தம்பி, விலை திரும்பி வருமாம். வரட்டும். கல்லூரிக்காரன் காத்திருப்பானா?”

இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பார்சல் காரியாலயத்தில், வந்து இறங்கிய சிப்பத்தைக் கட்டணமின்றி வைத்திருக்க ஒரு கெடு உண்டு. அது கடந்தால் வார்ஃபேஜ் என்ற கட்டணம் நேரக் கணக்கில் ஏறும். புத்தகக் கட்டு ஒரு நாள் கிடந்தால் வார்ஃபேஜ் கட்டி எடுத்துப் போகலாம். மாம்பழக் கூடை கிடந்தால் கட்டிய பின்பும் கையில் அழுகல்தான் மிஞ்சும். பணத்திலும் அவ்விரண்டு வகை இருக்கிறது. நாள் குறித்த பணம் ஒன்று. நாள் குறிக்காத பணம் ஒன்று. செல்வர்களிடம் நாள் குறிக்காத பணம் மிகுதி. விலை இறங்கினால் அவர்கள் இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ காத்திருப்பார்கள். நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி நாள் குறித்ததே. விலை இறங்கிய அன்றே நாம் விற்க வேண்டி வருகிறது. அவர்கள் வாங்குவது நாம் விற்பதைத்தான். அறிவிலே அவர்கள் மேம்பட்டவர்கள் என்பதால் இது நேர்வதில்லை. நாளை அவர்களால் தள்ளிப்போட முடிகிறது, நம்மால் முடிவதில்லை.

கிரிப்டோவைத் தொட்டவர் எல்லாரும் அழிந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். எங்கள் குடியிருப்பில் ஓர் இளைஞர் இருக்கிறார், ரயில்வேயில் டெக்னீஷியன். 2020 முதல் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கி வருகிறார். ஏறினாலும் ஐந்நூறு, இறங்கினாலும் ஐந்நூறு. இறங்கிய மாதங்களில் அதே தொகைக்குத் துணுக்குகள் மிகுதியாகக் கிடைக்கும். ஏறிய மாதங்களில் குறைவாகக் கிடைக்கும். மாதத்தில் ஒரு நாள்தவிர விலையைப் பார்ப்பதில்லை. “தம்பி, இது போய்விட்டால்?” என்று கேட்டேன். “போனால் போகட்டும் அண்ணே. சினிமாவுக்குப் போகாமல் மிச்சப்படுத்திய காசுதானே! தங்கையின் கல்யாணப் பணத்தைப் பாங்கியில் போட்டிருக்கிறேன், அதை இதில் கலப்பதில்லை” என்றார். 2024 இறுதியில் அவர் போட்டதைவிட மிகுதியாகவே அவர் கணக்கில் இருந்தது. அத்தான் வாங்கிய அதே நாணயத்தைத்தான் அவரும் வாங்கினார். அவர் போட்ட பணத்துக்கு எந்த நாளும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இருவருக்கும் அதுவே வேற்றுமை.

மாதந்தோறும் சீராக வாங்கும் இம்முறையும் எல்லா நாணயத்துக்கும் பொருந்தாது. 2022 மே மாதத் தொடக்கத்தில் லூனா என்ற நாணயம் எண்பது டாலருக்கு விற்றது. அம்மாதம் பாதி கழிவதற்குள் ஒரு சென்ட்டில் சிறு பகுதிக்கும் கீழே போயிற்று. அத்தகைய நாணயத்தை இறங்க இறங்க வாங்கியவன், ஓட்டைக் குடத்தில் நீர் சேர்த்தவன் ஆவான். நாணயம் நல்லதாயினும் அதை வைத்திருக்கும் இடம் நல்லதா என்பது வேறு கேள்வி. எஃப்டிஎக்ஸ் என்ற பெரும் பரிவர்த்தனை நிலையம் 2022 நவம்பரில் திவாலாயிற்று; அதன் நிறுவனருக்கு 2024 மார்ச்சில் இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம் நாட்டின் பெரிய நிலையங்களுள் ஒன்றிலிருந்து 2024 ஜூலையில் சுமார் இருபத்துமூன்று கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. பாங்கி ஒன்று முறிந்தால் ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக்குக் காப்புறுதி உண்டு. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் பாங்கி 2018 ஏப்ரலில் பாங்கிகளுக்கு விதித்த தடையை, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. 2022ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இவ்வகை லாபத்துக்கு நூற்றுக்கு முப்பது வரி விதித்தார்கள். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவும் முடியாது. ஒரு நாணயத்தில் இருபதினாயிரம் லாபம், இன்னொன்றில் இருபதினாயிரம் நஷ்டம் என்றால் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் வரி, அதன் மேல்வரியோடு சேர்த்து, ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்! எண்ணி எண்ணிச் செலவிடும் நம்மவரில் எத்தனை பேர் இதை அறிந்து வாங்கினார்கள்?

என் போன்ற ரயில்வே ஊழியருக்கு இன்னுமொரு விதி உண்டு. 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் பதினாறாவது விதி, ஊழியன் எந்த முதலீட்டிலும் ஊக வாணிபம் செய்யலாகாது என்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதையும் ஊக வாணிபமாகவே அது கொள்கிறது. காரியாலய நேரத்தில் கைப்பேசியைப் பார்த்து வாங்கியும் விற்றும் கொண்டிருக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

நம் தாய்மார்களின் அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் ஒன்றோடொன்று கலவா. பணத்துக்கும் அப்படி அறைகள் வேண்டும். வீட்டிலுள்ள தொகை ஒவ்வொன்றின் மீதும் அது தேவைப்படும் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பிள்ளையின் படிப்புக்கு இன்ன ஜூன், தம்பியின் திருமணத்துக்கு இன்ன தை, தாயாரின் கண் சிகிச்சைக்கு இன்ன மாதம் என்று எழுதுங்கள். நாள் எழுதப்பட்ட தொகை அஞ்சலகத்திலோ பாங்கியிலோ தொடர்வைப்பிலோ இருக்கட்டும். வட்டி குறைவுதான், ஆனால் அந்த நாளுக்கு அது வந்து சேரும். எந்த நாளும் எழுதப்படாத தொகை மிஞ்சினால், அதிலே ஒரு சிறு பகுதியை எதில் போடுவது என்பது அவரவர் விருப்பம். இதைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் இன்னும் நன்று. சேர்ப்பதில் பாதிப் பங்கு கொண்டவளுக்கு, போடுவதில் ஒரு சொல் உரிமை உண்டல்லவா?

அக்காளின் நகை சென்ற 2025 தை மாதம் மீண்டது. பெண் படிப்பில் நன்றாகவே இருக்கிறாள். இளையவனுக்கு இன்னும் சில ஆண்டுகளில் படிப்புச் செலவு வரும். அத்தான் இப்போது ஒவ்வொரு மாதமும் அஞ்சலகத்துக்குப் போகிறார். புத்தகத்தின் மேலட்டையில் அவர் கையாலேயே ஒரு தேதி எழுதியிருக்கிறது.